சபை நடத்தும் சின்னக் கல்லூரியில் பிள்ளையைச் சேர்க்கலாமா? குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து ஜூலை கடைசி வரை எனக்கு வரும் போன்கள் எல்லாம் இதைப் பற்றித்தான். நான் ஒரு சபைக் கல்லூரியில், அதாவது கிறித்தவ சபை நடத்தும் கல்லூரியில் படித்தவள். அப்புறம் பதினோரு வருடம் வேறொரு சின்னக் கல்லூரியின் அலுவலகத்தில், ஃபீஸ் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதையே இங்கே எழுதி வைக்கிறேன். சபை என்று எழுதினாலும் கன்னியர் மடம், ஜமாஅத், இந்து அறக்கட்டளை நடத்தும் கல்லூரிகளுக்கும் பெரும்பாலும் இதே பதில் பொருந்தும்.

சின்னக் கல்லூரி என்றால் எவ்வளவு சின்னது?

மொத்தமாக ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு பிள்ளைகள், ஒரு வகுப்பில் முப்பதிலிருந்து ஐம்பது பேர், ஒரு துறையில் நாலைந்து ஆசிரியர்கள், வளாகத்துக்குள்ளேயே ஒரு ஜெப அறை. முதல்வர் வராண்டாவில் நடந்து வந்தால் பாதிப் பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். இந்த அளவில் உள்ளதைத்தான் சொல்கிறேன். நாகர்கோவிலில் உள்ள பழைய பெரிய கல்லூரிகளின் கணக்கு கொஞ்சம் வேறு.

நம்ம மாவட்டத்தில் மட்டும் ஏன் இத்தனை மதக் கல்லூரிகள்?

ரிங்கல்தௌபே என்ற மிஷனரி 1806-ல் இந்தப் பக்கம் வந்தார். மயிலாடியில் 1809-ல் அவர் தொடங்கிய பள்ளியின் தொடர்ச்சிதான் நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி. 1893-ல் அது கல்லூரியானது. பெரிய சாலையில் நடக்கவும், பெண்கள் மேலாடை போடவும் அனுமதி இல்லாத சாதிகளின் பிள்ளைகளுக்கு எழுத்து கிடைத்த முதல் இடங்கள் மிஷன் பள்ளிகள். தோள்சீலை உரிமைக்கான அரசாணையே 1859-ல்தான் வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு சமூகமும் தனக்கென்று ஒரு கல்லூரி வேண்டும் என்று நினைத்தது. 1952-ல் தெ.தி. இந்துக் கல்லூரி, 1964-ல் மார்த்தாண்டத்தில் நேசமணி நினைவு கிறித்தவக் கல்லூரி, 1965-ல் ஹோலி கிராஸ் பெண்கள் கல்லூரி, திருவிதாங்கோட்டில் முஸ்லிம் கலைக் கல்லூரி, இப்படி வரிசையாக வந்தன. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம் என்று தமிழ்நாட்டிலேயே முதலாவதாக நாம் நின்றதற்கு இந்த வரலாற்றில் பெரிய பங்கு உண்டு. எங்கள் பாட்டி கையெழுத்துப் போடக் கற்றது ஒரு சபைப் பள்ளியின் ஓலைக் கூரைக்குக் கீழேதான். அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனால் நன்றி வேறு, அட்மிஷன் வேறு. பாட்டிக்கு அன்று வேறு வழி இல்லை. உங்கள் பிள்ளைக்கு இன்று நாலைந்து வழி இருக்கிறது.

சின்னக் கல்லூரி டிகிரி வெளியே செல்லுமா?

செல்லும். கன்னியாகுமரி மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகள் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. 1990-ல் வந்த பல்கலைக்கழகம் அது. பட்டச் சான்றிதழை அதுதான் தரும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் பாடத்திட்டமும் கேள்வித்தாளும் கல்லூரியினுடையவை, ஆனால் பட்டம் பல்கலைக்கழகத்தினுடையது. நர்சிங் என்றால் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், பி.எட். என்றால் ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் மட்டும் தன் பெயரிலேயே பட்டம் தரும். குமாரகோவிலில் உள்ள நூருல் இஸ்லாம் அந்த வகை.

ஆகவே சென்னையிலோ துபாயிலோ சான்றிதழை நீட்டும்போது, கல்லூரி சின்னது என்பதற்காக யாரும் தள்ள மாட்டார்கள். அதே சமயம் கல்லூரியின் பெயரைப் பார்த்து யாரும் எழுந்து நிற்கவும் மாட்டார்கள். பெயரால் வரும் கதவுத் திறப்பு சின்னக் கல்லூரியில் கிடையாது, அதை முதலிலேயே மனசில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எய்டட், செல்ஃப் என்று சொல்கிறார்களே, அது என்ன? ஒரே கல்லூரிதானே?

நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான். பதினோரு வருடத்தில் அதிகமான கண்ணீரை நான் பார்த்ததும் இந்த ஒரு விஷயத்தில்தான்.

ஒரே வளாகம், ஒரே கேட், ஒரே யூனிபார்ம். ஆனால் பி.எஸ்சி. கணிதம் எய்டட், பக்கத்துக் கட்டிடத்தில் பி.சி.ஏ. செல்ஃப் ஃபைனான்ஸ். எய்டட் பாடத்தில் ஆசிரியருக்கு அரசு சம்பளம் தருகிறது, அதனால் கட்டணம் அரசு வைத்த அளவில் நிற்கும். செல்ஃபில் ஆசிரியர் சம்பளத்திலிருந்து கரண்டு பில் வரை பிள்ளைகளின் கட்டணத்திலிருந்துதான் போக வேண்டும். அதனால் கட்டணம் பல மடங்கு ஆகிறது. சில கல்லூரிகளில் ஒரே பி.காம். காலையில் எய்டட், மதியத்துக்கு மேல் செல்ஃப் என்று இரண்டாக ஓடும்.

கட்டணத்தோடு இது நிற்பதில்லை. எய்டட் துறையில் நெட், செட் என்ற கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வுகளோ பிஎச்.டி.யோ முடித்த நிரந்தர ஆசிரியர்கள் இருப்பார்கள், இருபது வருடம் அதே பாடத்தை நடத்தியிருப்பார்கள். செல்ஃபில் நல்ல ஆசிரியர்கள் இல்லை என்று சொல்ல மாட்டேன், என்னோடு வேலை பார்த்தவர்களிலேயே மிக அக்கறையான இரண்டு பேர் செல்ஃப் பிரிவில்தான் இருந்தார்கள். ஆனால் அவர்களுக்குக் கிடைத்த சம்பளத்தில் யாரும் அங்கேயே தங்க முடியாது. ஒருவர் மூன்றாவது செமஸ்டர் நடுவில் போய்விட்டார், புதியவர் வந்து சேர ஏழு வாரம் ஆனது, அந்த ஏழு வாரமும் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அந்த வாரங்களுக்கும் சேர்த்துத்தான் நான் கவுண்டரில் ரசீது கிழித்தேன்.

என் கருத்தை நேராகச் சொல்கிறேன். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரத்தில், பிள்ளைக்குப் பிடித்த பாடத்தில், எய்டட் இடம் கிடைத்தால் சின்ன மதக் கல்லூரியைப் போல நல்ல பேரம் வேறு இல்லை. அதே கல்லூரியில் செல்ஃப் இடம் என்றால், அந்தப் பணத்துக்கு வேறு எங்கெல்லாம் சேரலாம் என்று பார்க்காமல் சம்மதிக்காதீர்கள்.

நாகர்கோவில் கோணத்தில் உள்ள அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால்?

அதே பாடம் என்றால் அரசுக் கல்லூரிக்கும் எய்டட் இடத்துக்கும் நடுவில் மட்டும் யோசியுங்கள். செல்ஃபை அந்தத் தராசில் வைக்கவே வேண்டாம்.

ஃபீஸ் தவிர வேறு என்ன செலவு வரும்?

யூனிபார்ம், கல்லூரி பஸ், தேர்வுக் கட்டணம், துறைச் சங்கம், சுற்றுலா, கல்லூரி நாள், சில இடங்களில் தியானத்துக்கு ஒரு தொகை. தனித்தனியாகப் பார்த்தால் சின்னது, வருடக் கடைசியில் கூட்டினால் வலிக்கும். கல்லூரி பஸ்ஸைக் கட்டாயம் என்பார்கள். எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை. மகளை வடசேரியிலோ மார்த்தாண்டத்திலோ மாறிப் போக விட முடியும் என்றால் அதிலேயே ஒரு நல்ல தொகை மிச்சம்.

பணம் எவ்வளவு என்பதைப் போலவே எப்போது என்பதும் முக்கியம். நம்ம மாவட்டத்துக்கு ஜூன் மாதம் மோசமான மாதம். மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுக்குத் தடை, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் கையில் காசு இருக்காது. மலைப் பக்கம் மழை பிடித்துவிட்டால் ரப்பர் வெட்டு நின்றுவிடும். கல்லூரி கேட்பது சரியாக அந்த மாதத்தில்.

அருமனைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அப்பா நினைவில் இருக்கிறார். சட்டைப் பைக்குள் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் நூறு ரூபாய் நோட்டுகள், ரப்பர் ஷீட்டுக்கு ஊற்றும் ஆசிட் வாசம் அப்படியே இருந்தது. எண்ணினேன், இரண்டாயிரம் குறைந்தது. "மழை விட்டா வெட்டிரலாம் மக்களே, ஒரு வாரம் தா" என்றார். நான் செலானை முதல்வரிடம் எடுத்துப் போனேன். அவர் ஒரு பாதிரியார், எதுவும் கேட்காமல் செலானின் பின்பக்கத்தில் 'அனுமதிக்கலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதே அலுவலகத்தில், வேறொரு முதல்வர் இருந்தபோது, பாக்கி வைத்த பிள்ளைகளைத் தேர்வு அறைக்கு வெளியே நிறுத்தினார்கள். ஒரு பிள்ளை பத்து நாற்பது வரை நின்றாள். அந்தப் பாக்கிப் பட்டியலை டைப் செய்து கொடுத்தது நான். இன்றுவரை அது எனக்கு உறுத்தல்தான்.

ஆள் மாறினால் கருணையும் மாறும். அதனால் சேரும்போதே தவணை உண்டா, எத்தனை தவணை, தேதி என்ன என்று எழுதி வாங்குங்கள். இப்போது இருக்கும் முதல்வர் நல்லவர் என்பது மூன்று வருடத்துக்கும் உத்தரவாதம் ஆகாது.

உதவித்தொகை என்னென்ன கிடைக்கும்?

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு, புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பரில் தொடங்கியது. நம்ம ஊரில் பாதிப் பிள்ளைகள் படிப்பது சபையின் அரசு உதவி பெறும் பள்ளியில் என்பதால் முதலில் அவர்களுக்கு இது கிடைக்கவில்லை. 2024 டிசம்பரிலிருந்து உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. பையன்களுக்கு அதே தொகை தமிழ்ப் புதல்வன் திட்டத்தில், 2024 ஆகஸ்ட் முதல். பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். பள்ளியிலிருந்து படித்ததற்கான சான்றைக் கையோடு வாங்கி வையுங்கள்.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் உள்ள 7.5 சதவீத ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். உதவி பெறும் பள்ளிக்கு அது இல்லை.

ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்கு, குடும்ப வருமானம் வருடம் இரண்டரை லட்சத்துக்குள் என்றால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் போய்விடும், ரொம்பக் கவனம். எய்டட் வகுப்பில் சேரும் பி.சி., எம்.பி.சி. பிள்ளைகள் மூன்று வருடப் பட்டப்படிப்புக்கான அரசின் இலவசக் கல்வித் திட்டத்தை அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

இதற்கு மேல் சபையின் உதவி ஒன்று இருக்கிறது. விளம்பரம் இருக்காது. பங்குப் பேரவையிலோ டயோசிஸ் (மறைமாவட்ட) அலுவலகத்திலோ விண்ணப்பம் கொடுத்தால் ஒரு தொகை தருவார்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள். பல வருடம் அந்தப் பணம் போதிய விண்ணப்பம் இல்லாமல் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கடன் வாங்கிச் சேரலாமா?

நர்சிங் போல வேலை தெளிவாகத் தெரியும் படிப்புக்கு வாங்கலாம். ஏழரை லட்சம் வரை சொத்துப் பிணை இல்லாமல் வங்கிகள் தரும். வட்டி மானியம் வேண்டும் என்றால் குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், அதோடு கல்லூரிகளைத் தரம் பார்க்கும் நாக் அமைப்பின் அங்கீகாரமோ, தொழிற்படிப்புகளைத் தரம் பார்க்கும் என்.பி.ஏ.வின் அங்கீகாரமோ வேண்டும்; இவற்றின் கீழ் வராத நர்சிங் போன்ற படிப்புக்கு அதற்குரிய கவுன்சிலின் அங்கீகாரம். நுழைவாயில் போர்டில் உள்ள நாக் கிரேடை மட்டும் பார்க்காதீர்கள், அது எந்த வருடம் வரை செல்லும் என்று பாருங்கள். செல்ஃப் பி.ஏ.வுக்குக் கடன் வாங்காதீர்கள். தங்கத்தை அடகு வைத்தும் வேண்டாம்.

நாங்கள் வேறு மதம். பிள்ளை ஜெபத்துக்குப் போக வேண்டுமா?

சட்டத்தை முதலில் சொல்கிறேன். அரசு அங்கீகாரம் அல்லது அரசு உதவி பெறும் கல்வி நிறுவனத்தில், மாணவரின் சம்மதம் இல்லாமல், பதினெட்டு வயது ஆகாதவர் என்றால் பெற்றோரின் சம்மதம் இல்லாமல், மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்ல முடியாது. அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவில் மூன்றாவது உட்பிரிவு இது.

நடைமுறை எப்படி என்றால், பெரும்பாலான கல்லூரிகளில் காலையில் ஐந்து நிமிட அசெம்பிளி, அதில் ஒரு பாட்டும் ஒரு ஜெபமும். எல்லாரும் நிற்பார்கள். அப்புறம் வாரத்தில் ஒரு மணி நேரம், கத்தோலிக்கக் கல்லூரி என்றால் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு மாரல் வகுப்பு. என்னோடு படித்த சுங்கான்கடைப் பெண் ஒருத்தி மூன்று வருடமும் நெற்றியில் சந்தனத்தோடு வந்தாள், பாட்டுக் குழுவிலும் பாடினாள், யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் எல்லா இடமும் அப்படி இருக்கும் என்று நான் எழுதித் தர முடியாது. பொட்டு, பூ, சபரிமலை மாலை, நோன்பு, வெள்ளிக்கிழமைத் தொழுகை, தலைத்துணி பற்றி என்ன வழக்கம் என்று அலுவலகத்தில் கேட்காதீர்கள், அங்கே படிக்கும் உங்கள் மதத்துப் பிள்ளையிடம் கேளுங்கள்.

இது இரண்டு பக்கமும் உண்டு. இந்து அறக்கட்டளைக் கல்லூரியில் சேரும் கிறித்தவப் பிள்ளையும் சரஸ்வதி பூஜை அன்று எங்கே உட்கார வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

எங்கள் சபைப் பிள்ளை என்றால் சீட் சுலபமா? போதகர் கடிதம் போதுமா?

சிறுபான்மை நிறுவனத்துக்கு 30-ஆம் பிரிவு உரிமை தருகிறது, தன் சமூகத்துக்கு ஒரு பங்கு இடத்தை வைத்துக்கொள்ளலாம். அதற்கு ஞானஸ்நானச் சான்றும் போதகர் கடிதமும் கேட்பார்கள். கடிதம் வரிசைக்குள் கொண்டுபோகும், ஆனால் வரிசையில் முன்னால் நிறுத்தும் என்று நம்பாதீர்கள். அரசு உதவி பெறும் நிறுவனம் மதம் என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் தள்ளக் கூடாது என்று 29-ஆம் பிரிவும் சொல்கிறது, ஆகவே மற்றவர்கள் விண்ணப்பிக்கத் தயங்க வேண்டாம்.

சீட்டுக்குப் பணம் கேட்டால்? கட்டாய நன்கொடையைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1992-லிருந்து இருக்கிறது. ரசீது இல்லாத எந்தப் பணத்தையும் கொடுக்காதீர்கள். 'கட்டிட நிதி' என்றாலும் ரசீது.

கட்டுப்பாடு ரொம்ப என்கிறார்களே?

ஆமாம். செல்போன் கூடாது, லெக்கிங்ஸ் கூடாது, மதியம் கேட்டுக்கு வெளியே போகக் கூடாது, ஆணும் பெண்ணும் ஒரே படிக்கட்டில் ஏறக் கூடாது, ஹாஸ்டல் என்றால் ஆறு மணிக்கு உள்ளே. இதெல்லாம் பெற்றோருக்குப் பிடிக்கும். பிள்ளைக்குப் பதினெட்டு வயது. ஓட்டுப் போடும் வயதில், தலைமுடியை எப்படிப் பின்ன வேண்டும் என்று இன்னொருவர் சொல்வது சிலருக்கு அவமானமாகவே இருக்கும், அது நியாயமான உணர்வுதான்.

எனக்கு அதைவிடப் பெரிய செலவாகப் பட்டது வேறு ஒன்று. சின்ன இடத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். மூன்றாம் வருடம் வடசேரி பஸ் ஸ்டாண்டில் பெரியப்பா மகனோடு நின்று பேசிக்கொண்டிருந்தேன். எங்கள் துறை மேடம் பார்த்திருக்கிறார். நான் வீடு சேரும் முன்னால் செய்தி அம்மாவிடம் சேர்ந்துவிட்டது, யாரோ ஒரு பையன் என்று. அண்ணன்தான் என்று புரிய வைத்துவிட்டேன், ஆனால் அதன்பிறகு அந்த பஸ் ஸ்டாண்டில் நான் தலை நிமிர்ந்து நின்றதில்லை. நமக்குப் பிடித்த அரசியல், நமக்கு வரும் சந்தேகங்கள், கடவுளைப் பற்றிய கேள்விகள் உட்பட எதையும் சத்தமாக யோசித்துப் பார்க்க அங்கே இடம் குறைவு. கேள்வி கேட்கும் பிள்ளை என்றால் இதைத் தீவிரமாக எண்ணிப் பாருங்கள்.

அப்படியானால் அங்கே என்னதான் நன்மை?

அதே மேடத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். இரண்டாம் வருடம் எங்கள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஒன்பது நாள் நான் கல்லூரிக்குப் போகவில்லை, யாருக்கும் சொல்லவும் இல்லை. பத்தாவது நாள் மேடம் கருங்கல்லில் பஸ் இறங்கி, டீக்கடையில் வழி கேட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்று வரப்பில் எங்கள் வீட்டுக்கு நடந்து வந்தார். பையில் ஒரு நோட்டு. இரண்டு கூட்டுக்காரிகள் ஒன்பது நாள் பாடத்தையும் மாறி மாறி எழுதியிருந்தார்கள். அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, சின்னதாக ஒரு ஜெபம் சொன்னார். போகும்போது அம்மாவிடம், "பிள்ளை திங்கக்கிழமை வரணும், மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றார். வருகைப் பதிவுச் சிக்கலை அவரே முதல்வரிடம் பேசித் தீர்த்தார். அவர் அன்றைக்கு வரவில்லை என்றால் நான் படிப்பை நிறுத்தியிருப்பேன், வீட்டில் அந்தப் பேச்சு ஏற்கெனவே தொடங்கியிருந்தது.

நாற்பத்திரண்டு பேர் உள்ள வகுப்பில் ஒருத்தி வரவில்லை என்றால் தெரியும். பெரிய கல்லூரியில் மென்பொருள் ஒரு குறுஞ்செய்தி அனுப்பும். பஸ் ஸ்டாண்டில் என்னைக் கண்காணித்த அதே கண்தான் வரப்பில் என்னைத் தேடி வந்ததும். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் வாங்க முடியாது. முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளை, வீட்டில் நோயோ குடியோ உள்ள பிள்ளை, பேசக் கூச்சப்படும் பிள்ளை, இவர்களுக்கு அந்தக் கண் வேண்டும் என்பேன். தானே ஓடக்கூடிய பிள்ளைக்கு அது கால்கட்டாகப் படலாம்.

வேலை கிடைக்குமா? சபைப் பள்ளியில் போட்டுத் தருவார்களாமே?

கேம்பஸ் இன்டர்வியூ என்று பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். வருவார்கள், ஆனால் கொஞ்சம் நிறுவனங்கள்தான். போன வருடம் எந்தத் துறையில் எத்தனை பேருக்கு என்ன சம்பளத்தில் வேலை கிடைத்தது என்று கேளுங்கள். நோட்டீஸ் போர்டில் ஒட்டிய சிரிக்கும் போட்டோக்களை மட்டும் காட்டினால் பதில் இல்லை என்று அர்த்தம்.

சபைப் பள்ளியில் வேலை உறுதி என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எய்டட் பள்ளியில் நியமனம் செய்வது நிர்வாகம், சம்பளம் தருவது அரசு. ஒரு காலியிடத்துக்குக் காத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் சபையிலேயே எண்ணிப் பார்க்கலாம். நெய்யூரில் 1838-ல் தொடங்கிய மிஷன் மருத்துவப் பணியின் வழியில் வளர்ந்த நர்சிங் மட்டும் விதிவிலக்கு. ஆஸ்பத்திரியோடு சேர்ந்த நர்சிங் கல்லூரியில் கைப்பழக்கம் நன்றாகக் கிடைக்கும். நம்ம வீட்டுப் பெண்கள் வளைகுடாவில் நிற்பது அந்தக் கைப்பழக்கத்தால்தான். இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

வேதாகமக் கல்லூரியில் சேர ஆசைப்படுகிறான். என்ன செய்ய?

அழைப்பு உண்மை என்றால் தடுக்காதீர்கள், ஆனால் பட்டம் யார் தருகிறார்கள் என்று பாருங்கள். செராம்பூர் கல்லூரிக்கு 1827-லேயே டென்மார்க் அரசரின் பட்டயம் உண்டு, அதன் செனட்டோடு இணைந்த இறையியல் கல்லூரிகளின் பி.டி. பட்டத்தைப் பெரிய சபைகள் ஏற்கும். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி அப்படிப்பட்டது. வாடகை மாடியில் ஆறு மாதத்தில் 'டாக்டர்' பட்டம் தரும் இடங்களும் இருக்கின்றன. அந்தக் காகிதத்தை வைத்து அரசு வேலைக்கோ மேற்படிப்புக்கோ போக முடியாது. முடிந்தால் முதலில் ஒரு சாதாரணப் பட்டத்தை முடித்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். ஊழியத்தில் மனம் மாறினாலும் அவனுக்குக் கையில் ஒன்று இருக்கும்.

சேர்ந்த பிறகு வேறு இடம் கிடைத்தால் பணமும் சர்டிபிகேட்டும் திரும்பக் கிடைக்குமா?

ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது. 2018-ல் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) தெளிவாக அறிவித்திருக்கிறது; சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். பணத்துக்கும் அதே அறிவிப்பில் கணக்கு இருக்கிறது. சேர்க்கையின் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாளுக்கு முன்பே விலகினால் முழுத் தொகை, செலவுக்கென்று கட்டணத்தில் 5 சதவீதம் வரை, அதுவும் 5,000 ரூபாய்க்கு மேல் போகாமல், கழிக்கலாம். அதன் பிறகு கடைசித் தேதிக்குள் என்றால் 90 சதவீதம், கடைசித் தேதி தாண்டிப் பதினைந்து நாளுக்குள் 80, முப்பது நாளுக்குள் 50, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. காப்புத் தொகை முழுவதும் திரும்ப வேண்டும். நான் இருந்த கவுண்டரில் இதைக் கேட்டு வந்தவர்கள் பதினோரு வருடத்தில் பத்துப் பேர் கூட இல்லை. எழுத்தில் கேட்டவர்களுக்குத்தான் கிடைத்தது.

கல்லூரியை நேரில் பார்க்கப் போனால் எதைப் பார்ப்பது?

அட்மிஷன் நாளில் போகாதீர்கள், அன்று எல்லாம் அழகாக இருக்கும். சாதாரண நாளில், பதினொரு மணி வாக்கில் போங்கள். பிள்ளை சேரப்போகும் துறையின் ஆசிரியர் பட்டியலைக் கேளுங்கள், யார் எந்த வருடம் சேர்ந்தார்கள் என்று பாருங்கள். எல்லாரும் போன வருடம் வந்தவர்கள் என்றால் அங்கே யாரும் தங்குவதில்லை. நூலகத்தில் புத்தகத்தின் கடைசிப் பக்கத் தேதிச் சீட்டைப் புரட்டுங்கள். ஆய்வகத்தில் தூசி. பெண்கள் கழிப்பறையில் தண்ணீர். இந்த நாலும் போதும்.

அப்புறம் பிள்ளையைத் தனியாக விடுங்கள். கேன்டீனில் இரண்டாம் வருடப் பிள்ளைகளோடு அரை மணி நேரம் பேசட்டும். நீங்கள் பக்கத்தில் நின்றால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

உங்கள் மகளை எங்கே சேர்த்தீர்கள்?

அவளுக்கு இரண்டு இடம் கிடைத்தது. திருநெல்வேலியில் பெரிய கல்லூரியில் செல்ஃப் இடம், ஹாஸ்டலோடு. இங்கே ஒரு சபைக் கல்லூரியில் எய்டட் கணிதம். அவளுக்குத் திருநெல்வேலி ஆசை. கட்டணத் தாள் இரண்டையும் சாப்பாட்டு மேசையில் வைத்து மூன்று வருடத்துக்கும் கூட்டிப் பார்த்தோம், வித்தியாசத் தொகையை எம்.எஸ்சி.க்கு எடுத்து வைக்கிறேன், அப்போது எந்த ஊருக்கும் போகலாம் என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்தத் தாளை அவள் பீரோவில் வைத்திருக்கிறாள். இப்போது இரண்டாம் வருடம். ஏழு நாற்பது பஸ்ஸில் போகிறாள், அசெம்பிளியில் நிற்பது பிடிக்கவில்லை என்று தினமும் சொல்கிறாள். போன மாதம் ஓர் இன்டெர்னல் தேர்வுக்கு அவள் போகவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்குத் துறையிலிருந்து எனக்கு போன் வந்துவிட்டது, உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.